அழைப்புக் கடிதம் வந்த பிறகு: பொதுச் சேவை நேர்முகத்துக்கு எந்த வழியில் ஆயத்தமாவது?

என் தங்கை மகளுக்கு அழைப்புக் கடிதம் வந்தபோது நேர்முகத்துக்கு 19 நாள்கள் இருந்தன. பதவி, மொரீஷியஸ் அரசுப் பணியில் எழுத்தர் நிலையிலுள்ள மேனேஜ்மென்ட் சப்போர்ட் ஆபிசர். விண்ணப்பம் அனுப்பிப் பல மாதங்கள் ஆகியிருந்ததால், அதில் என்னென்ன எழுதினோம் என்பதே அவளுக்குச் சரியாக நினைவில் இல்லை. கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு குடும்பம் கூடிப் பேசியதில் நான்கு யோசனைகள் வந்தன. தோழிகள் போகும் கட்டண வகுப்பில் உடனே சேர்த்துவிட வேண்டும் என்றாள் தங்கை. தமக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம் அனுப்பலாம் என்றார் மைத்துனர். கோவில் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்தபின் இதே வகைத் தேர்வுக்குப் படிக்கும் மூன்று பேரோடு சேரட்டும் என்றேன் நான். அவளோ யாரிடமும் போகாமல் வீட்டிலிருந்தே படித்துக்கொள்வதாகச் சொன்னாள்.

இந்த நான்கு வழிகளிலும் நானே வெவ்வேறு காலங்களில் நடந்திருக்கிறேன். ஒன்றில் தடுக்கி விழுந்தும் இருக்கிறேன். அதனால் இங்கே எழுதுவது நடுநிலையான பட்டியல் அன்று. எந்த வழி யாருக்கு, எத்தனை நாள் இருக்கும்போது பொருந்தும் என்ற கேள்விக்கு என்னுடைய பதில் இது.

எதற்கு ஆயத்தமாகிறோம் என்பது தெளிவானால்தான் வழிகளை ஒப்பிட முடியும். மொரீஷியஸ் அரசமைப்புச் சட்டத்தின் 88-ஆம் பிரிவு பொதுச் சேவை ஆணையத்தை அமைக்கிறது. 89-ஆம் பிரிவு அரசு ஊழியர்களை நியமிக்கும் அதிகாரத்தை அதனிடம் ஒப்படைக்கிறது. அமைச்சகத்தில் காலியிடம் இருந்தாலும் ஆளைத் தேர்ந்தெடுப்பது ஃபாரஸ்ட் சைடில் இருக்கும் ஆணையம்தான். நகராட்சிகளுக்கும் மாவட்ட மன்றங்களுக்கும் உள்ளாட்சிச் சேவை ஆணையம் தனியாக உண்டு; காவல்துறை, சிறைத்துறை போன்ற படைப் பிரிவுகளுக்கு வேறோர் ஆணையம்; அரசு சார்ந்த வாரியங்களும் கழகங்களும் பெரும்பாலும் தாமே ஆள் எடுக்கின்றன. ஓரிடத்துக்குப் படித்தது இன்னோரிடத்துக்கும் ஓரளவு உதவும். ஆனால் எதிரில் இருப்பவர்கள் யார், அவர்கள் எந்தத் தாளைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கடிதத்தைப் பார்த்து முதலிலேயே உறுதி செய்துகொள்வது நல்லது.

அந்தத் தாள்கள் இரண்டு. ஒன்று, நீங்கள் நிரப்பி அனுப்பிய விண்ணப்பம். மற்றொன்று, ஸ்கீம் ஆஃப் சர்வீஸ் என்று நாம் எல்லாரும் சொல்லும் பணி விவரம். தகுதி என்ன, கடமைகள் என்ன, யாருக்குக் கீழ் வேலை செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். காலியிட விளம்பரங்களில், மிகச் சிறந்த தகுதி உள்ளவர்களை மட்டுமே நேர்முகத்துக்கு அழைக்கும் உரிமை ஆணையத்துக்கு உண்டு என்ற வாசகம் வழக்கமாக இருக்கும். எனவே கடிதம் வந்துவிட்டது என்றால் உங்கள் சான்றிதழ்கள் தம் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிட்டன. அந்த அறைக்குள் பார்க்கப்படுவது வேறு: கேட்ட கேள்வியை விளங்கிக்கொண்டு, கடமையை அறிந்து, ஆங்கிலத்தில் நிதானமாக வாயைத் திறந்து விடை சொல்ல முடிகிறதா என்பது.

இனி வழிகளுக்கு வருகிறேன். கட்டண வகுப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் முதலில் எழும் யோசனை அதுதான். தொடக்கப்பள்ளியிலிருந்தே பிள்ளைகளை 'லெசோன்' என்னும் தனிவகுப்புக்கு அனுப்பிப் பழகிய நாடு இது; எந்தத் தேர்வானாலும் லெசோன் இல்லாமல் தேற முடியாது என்ற எண்ணம் நம் எலும்பில் ஊறியிருக்கிறது. எழுத்துத் தேர்வு உள்ள பதவிகளுக்கு அந்த எண்ணத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. சுருக்கி எழுதுதல், கடிதம் வரைதல், கணக்கு போன்றவற்றில் திருத்திக் கொடுக்க ஒருவர் இருந்தால் கை வேகமாகப் பழகும். நேர்முகத்துக்கு அதே அளவு பயன் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. 22 வயதில் நானும் அப்படி ஒரு வகுப்பில் சேர்ந்தேன். 30 பேர் உட்கார்ந்திருந்த அறையில் ஆசிரியர் பேசினார், நாங்கள் எழுதிக்கொண்டோம். கேள்விகளும் விடைகளுமாக நகலெடுத்த ஒரு கட்டு கொடுத்தார்கள். அதை நான் குளிக்கும்போதுகூட ஒப்பித்தேன். ஐந்து வாரத்தில் ஒரே ஒரு முறைதான் எழுந்து நின்று பேசும் முறை எனக்கு வந்தது. அதுவும் மூன்று நிமிடம்.

நேர்முகத்தில் முதல் கேள்விக்கு அந்தக் கட்டிலிருந்த விடையை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். குழுவில் இருந்த ஓர் அம்மையார் தலையை அசைத்துவிட்டு, நான் சொன்ன விடையின் நடுவில் இருந்த ஒரு சொல்லைக் குறிப்பிட்டு, அதற்கு என் வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தரும்படி கேட்டார். அந்தச் சொல் 'இனிஷியேட்டிவ்'. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு முன்னால் போன இரண்டு பேரும் அதே வகுப்பில் அதே கட்டைப் படித்தவர்கள் என்பதும், அவர்களும் அதே சொல்லைத்தான் சொல்லியிருந்தார்கள் என்பதும் வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த முறை எனக்கு வேலை கிடைக்கவில்லை. வகுப்பைக் குறை சொல்லி என்ன பயன். பேசிப் பழக வேண்டியதை எழுதிப் பழகியது என் தவறு. எனினும் ஒப்பீடு என்று வந்தால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: ஒரு வகுப்பில் சேருமுன் கேட்க வேண்டியது கட்டணம் எவ்வளவு என்பதைவிட, ஒவ்வொருவரும் எத்தனை முறை தனியாக உட்கார்ந்து விடை சொல்வார்கள், விடையை மறித்து அடுத்த கேள்வி கேட்கப்படுமா என்பதுதான். பத்துப் பேருக்குள் அடங்கிய, வாரம் ஒரு முறையாவது மாதிரி நேர்முகம் வைக்கும் வகுப்பானால், இரண்டு மாதம் கையில் இருப்பவர் சேரலாம். 19 நாள் இருப்பவருக்கு அந்தப் பணமும் பஸ் பயணமும் வீண் என்பது என் கணிப்பு.

தனியாகப் படிப்பதை அடுத்துப் பார்ப்போம். செலவு கிட்டத்தட்ட இல்லை. வேண்டிய நூல்களில் பெரும்பாலானவை அரசின் இணையதளங்களிலேயே கிடைக்கின்றன. என் தங்கை மகளுக்கு நான் போட்டுக் கொடுத்த வரிசை இது. முதலில் ஸ்கீம் ஆஃப் சர்வீஸ். அதில் உள்ள ஒவ்வொரு கடமைக்கும் எதிரே, அதை ஒத்த எதைப் பள்ளியிலோ கோவில் வேலையிலோ பகுதிநேர வேலையிலோ தான் செய்திருக்கிறோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அடுத்து அரசு ஊழியர்களுக்கான நன்னடத்தை விதித் தொகுப்பு. பிறகு, ஜூன் மாதத்தில் படிக்கப்படும் வரவுசெலவு உரையின் முக்கியப் பகுதிகள். நம் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது என்பதே தெரியாமல் நேர்முகத்துக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். தகவல் பாதுகாப்புச் சட்டம் 2017-ஐ முழுதும் படிக்க வேண்டியதில்லை, ஆனால் கவுண்டரில் ஒருவருடைய விவரத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பதற்குச் சட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தலைமைத் தணிக்கையாளரின் ஆண்டறிக்கையில் ஏதேனும் ஓர் அமைச்சகத்தைப் பற்றிய பத்துப் பக்கம் படித்தால் போதும். கோப்பு தாமதமானால், ஒப்பந்தம் சரியாகக் கண்காணிக்கப்படாவிட்டால், பொதுப்பணம் எப்படிக் கரைகிறது என்பது எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அதில் தெளிவாகப் புரியும்.

அறிவைச் சேர்க்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனாலும் தனியாகப் படிப்பவருக்கு ஒரு குறை உண்டு, அதை அவரால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. மனத்துக்குள் சொல்லும்போது எல்லா விடையும் சரளமாக வருகிறது. வாய்விட்டுச் சொல்லும்போதுதான் இரண்டாம் வாக்கியத்தில் தடுமாறுகிறது. நம் நாட்டில் இது இரட்டைச் சிக்கல். வீட்டிலும் தெருவிலும் கிரியோல் பேசுகிறோம், செய்தித்தாளைப் பிரெஞ்சில் படிக்கிறோம், பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதினோம். ஆனால் 20 நிமிடம் தொடர்ந்து ஆங்கிலத்தில் பேசிய நாள் நம்மில் பலருக்கு வாழ்க்கையில் ஒன்றுகூட இருக்காது. நேர்முகத்தில் ஆங்கிலமே முதன்மை. 'எஜ்யூகேஷன்' என்று தொடங்கி 'எதுகாஸியோ'வில் முடிப்பதும், 'ஆக்சுவலி' என்று சொல்லிப் பிரெஞ்சுப் பொருளில் 'தற்போது' என்று நினைத்துக்கொள்வதும் நமக்கு இயல்பு. தொலைபேசியில் குரலைப் பதிவு செய்து கேட்டால் இந்தத் தவறுகளில் பாதி காதில் விழும். மீதிப் பாதியை வேறொருவர்தான் சொல்ல வேண்டும்.

அந்த வேறொருவர் ஓய்வுபெற்ற அதிகாரியாக இருக்கலாமா? பதவியைப் பொறுத்தது என்பேன். அமைச்சகத்தின் உயர் நிர்வாகப் பதவியான அசிஸ்டன்ட் பெர்மனென்ட் செக்ரட்டரி பதவிக்குப் போகிறவருக்கு இது எல்லா வழிகளிலும் மேலானது, ஏனென்றால் அந்த வேலையின் உள்ளியல்பு எந்தத் தாளிலும் முழுதாக எழுதப்படவில்லை. அமைச்சரவை வெள்ளிக்கிழமை கூடுகிறது என்றால் அதற்கான குறிப்பு யார் மேசையிலிருந்து எந்த நாள் புறப்பட வேண்டும், நாடாளுமன்றத்தில் செவ்வாய்க்கிழமை கேட்கப்படும் கேள்விக்கு விடை வரையும்போது துறைகளிடமிருந்து விவரம் பெறுவது எப்படி, அமைச்சரின் அறிவுறுத்தல் நிதி விதிக்கு முரணாகத் தோன்றினால் கணக்குக்குப் பொறுப்பான அதிகாரியாகிய நிரந்தரச் செயலர் கோப்பில் என்ன எழுதுவார் என்பதையெல்லாம், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அரைமணி நேரத்தில் விளக்கிவிடுவார். நான் அந்தப் பதவிக்கு ஆயத்தமானபோது ஒரு பெரியவர் எனக்கு வைத்த பயிற்சி இன்னும் நினைவிருக்கிறது. அச்சிட்ட நாடாளுமன்ற விவாதப் பதிவிலிருந்து ஒரு விடையை எடுத்து, அந்த விடையில் எது சொல்லப்படவில்லை, ஏன் சொல்லப்படவில்லை என்று கேட்பார். மூன்று வாரம் அதைச் செய்த பிறகு, சொல்லைக் குறைப்பதும் ஒரு நிர்வாகத் திறமை என்பது எனக்கு விளங்கியது.

எழுத்தர் நிலைப் பதவிக்கு அதே பெரியவர் அவ்வளவு பொருந்த மாட்டார். அவர் நாற்பது ஆண்டுக்கு முன்னால் கொடுத்த நேர்முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ஆறுகளின் பெயரையும் ஆளுநர்களின் வரிசையையும் மனப்பாடம் செய்யச் சொல்லலாம். பழைய கதைகளில் நேரம் போகும். வயதில் மூத்தவர் என்பதால் நிறுத்தவும் நம்மால் முடியாது, "சரிங்க ஐயா" என்று கேட்டுக்கொண்டிருப்போம். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மைத்துனர் அந்த அதிகாரியை முன்மொழிந்தபோது அவர் மனத்தில் இருந்தது பயிற்சி மட்டும்தானா என்று எனக்கு ஐயம். 'யாரையாவது தெரியுமா' என்ற கேள்வி நம் எல்லாருடைய வீட்டிலும் கேட்கப்படுகிறது. ஆணையத்தின் உறுப்பினரிடமோ அலுவலரிடமோ ஒருவருக்காகச் சொல்லி வைப்பது விண்ணப்பதாரரையே பாதிக்கக்கூடிய செயல். அப்படிச் செய்ய முன்வருகிறவரை ஆசிரியராக ஏற்பது ஆபத்து. கேள்வி கேட்டுத் திருத்துபவராக மட்டும் இருப்பார் என்றால் போகலாம். தங்கை மகளை இரண்டே இரண்டு முறை, குறிப்பிட்ட ஐந்து கேள்விகளோடு அனுப்பச் சொன்னேன்.

எஞ்சியிருப்பது கூட்டுப்படிப்பு. நான் அதிகம் நம்புவது இதைத்தான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஞாயிறு பகல் 11 மணிக்குத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, கோவில் கூடத்தில் இரண்டு நீள மேசைகளை ஒட்டிப் போட்டுவிடுவோம். மூன்று பேர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். ஒவ்வொருவருக்கும் 20 நிமிடம்; கேட்பவர்களில் ஒருவர் கேள்வியும், ஒருவர் மறுகேள்வியும், மூன்றாமவர் கடிகாரமும் குறிப்பேடும். தொலைபேசி முக்காலியின்மேல் நின்று படம் எடுக்கும். இவ்வளவுதான் ஏற்பாடு. கேட்பவராக உட்காரும்போது கிடைக்கும் பயன் விடை சொல்பவரின் பயனைவிடக் குறைந்ததில்லை என்பது இரண்டாம் வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மூன்று பேருடைய விடையைத் தொடர்ந்து கேட்கும்போது, குழுவினருக்கு எந்த இடத்தில் சலிப்பு வருகிறது என்பது தன் காதிலேயே விளங்கும்.

முதல் நாள் என் தங்கை மகளிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி: முதியவர் ஒருவர் தேவையான ஒரு தாள் இல்லாமல் மூன்றாம் முறையாகக் கவுண்டருக்கு வந்திருக்கிறார், கோபமாக இருக்கிறார், நீ என்ன செய்வாய்? பொதுமக்களுக்குப் பொறுமையோடும் பணிவோடும் சேவை செய்வதே தன் கடமை என்று அவள் தொடங்கி, அதையே நான்கு விதமாகச் சொல்லி முடித்தாள். தாள் இல்லாமல் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வாயா என்பது மறுகேள்வி. மாட்டேன் என்றாள். உன் மேலதிகாரி வாங்கிக்கொள்ளச் சொன்னால்? அங்கே அவள் மௌனமாகிவிட்டாள். குறிப்பேட்டில் 14 விநாடி என்று எழுதப்பட்டது.

அடுத்த ஞாயிறு அதே கேள்விக்கு அவள் சொன்னது வேறு. அவரை உட்காரச் சொல்லி, முந்தைய இரண்டு முறையும் அவரிடம் என்ன சொல்லப்பட்டது என்று முதலில் கேட்பேன்; ஏனென்றால் மூன்று முறை வந்திருக்கிறார் என்றால் தவறு எங்கள் பக்கமும் இருக்கலாம். குறைகிற தாள் வேறோர் அரசு அலுவலகம் தரும் தாளானால், அதை நாங்களே கேட்டுப் பெற விதி இடம் தருகிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் என்ன வேண்டும், எங்கே கிடைக்கும் என்பதை ஒரு தாளில் எழுதி, என் பெயரையும் அதில் எழுதிக் கொடுப்பேன். விதிவிலக்கு அளிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை, மேலதிகாரிக்கு இருந்தால் அவரிடம் கொண்டுபோவேன். அவர் விதிக்குப் புறம்பாக வாய்மொழியாகச் சொன்னால், அந்த அறிவுறுத்தலைக் கோப்பில் எழுதித் தரும்படி பணிவாகக் கேட்பேன். இதில் அவள் ஒரு சொல்லையும் மனப்பாடம் செய்யவில்லை. ஒரு வாரம் முழுக்க அந்த 14 விநாடி அவளை உறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

நாட்டு நடப்பைப் பற்றிய கேள்விகளும் கூட்டத்தில்தான் கூர்மையாகின்றன. 2025-ஆம் ஆண்டு ஜூன் வரவுசெலவு உரையில் அடிப்படை ஓய்வூதிய வயதைப் படிப்படியாக 60-இலிருந்து 65-க்கு உயர்த்துவதாக அறிவித்தார்கள். இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? எங்கள் நால்வரில் ஒருவர் கொதித்துப் போய் அரசைத் திட்டினார், இன்னொருவர் அரசு செய்வதெல்லாம் சரி என்றார். இரண்டுமே அரசு ஊழியராக விரும்புகிறவருடைய விடைகள் அல்ல. பொருத்தமான விடை இப்படி இருக்கும்: முதியோர் எண்ணிக்கை கூடுவதையும் செலவு பெருகுவதையும் காரணமாகக் காட்டுகிறார்கள், உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு இது சுமை என்ற எதிர்ப்பும் எழுந்தது; சட்டமாகிவிட்ட கொள்கையைச் சரியாக நடைமுறைப்படுத்துவதும், பாதிக்கப்படுகிறவருக்கு அதை விளங்கும்படி எடுத்துச் சொல்வதும் என் வேலை. இந்த அளவில் நிறுத்தக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு மணி நேர விவாதம் தேவைப்பட்டது. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை வைத்து, வானிலை எச்சரிக்கைக்கும் அலுவலகங்களை மூடும் முடிவுக்கும் இடையே யார் யாரிடம் பேச வேண்டும் என்று வரைந்து பார்த்ததும் அப்படித்தான்.

கூட்டுப்படிப்பின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. நான்கு பேருமே ஒரே தவறான செய்தியை நம்பினால் திருத்த ஆளில்லை. நண்பர்கள் என்றால் மறுகேள்வி கேட்கக் கூசுவார்கள். காவடிக்கு இன்னும் பத்து நாள் என்றால் பாதி நேரம் பால்குடத்தைப் பற்றிய பேச்சில் போய்விடும். ஒரே பதவிக்குப் போட்டியிடுகிறவர்கள் தமக்குத் தெரிந்ததை ஒளித்து வைப்பார்களோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. நான் பார்த்த வரையில் ஒளிப்பவர் மறைப்பதால் பெறுவது மிகச் சொற்பம், ஏனென்றால் மறைக்கத்தக்க இரகசியம் எதுவும் இந்தத் தேர்வில் இல்லை. வெளியாள் ஒருவர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து கேள்வி கேட்டால் முதல் இரண்டு குறைகளும் தீரும். அந்த வெளியாளாக இருக்கத்தான் ஓய்வுபெற்ற அதிகாரி மிகவும் பொருத்தமானவர் என்பது என் எண்ணம். தனியே அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் கதை கேட்பதைவிட, நால்வர் முன்னால் அவரைக் குழுத்தலைவராக உட்கார வைத்தால் அவரும் கூர்மையாகிவிடுகிறார்.

தமிழில் பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்துவிட்டு நிர்வாகப் பணிக்கு விண்ணப்பிப்பவரிடம், தமிழ் இந்த வேலைக்கு எதற்கு என்று யாராவது கேட்டே தீருவார்கள். பாரம்பரியம், பண்பாடு என்று தொடங்கும் விடையை நான் நூறு முறை கேட்டுவிட்டேன். அது உணர்ச்சியாக முடிகிறதே தவிரக் கேள்விக்கு விடையாவதில்லை. தமிழர்கள் கவுண்டருக்கு வந்தால் தமிழில் பேசுவேன் என்பதும் உண்மைக்குப் பொருந்தாது, வருகிறவர் கிரியோல்தான் பேசுவார். ஒரு மொழியின் பிரதியை வரிவரியாகப் பிரித்துப் பொருள் கண்டு, அதை வேறு மொழியில் பிசகாமல் எழுதிய பயிற்சி, விதியைப் படித்துக் கடிதம் வரைவதற்கு எப்படி உதவும் என்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்லலாம். 1998-இல் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழும் இந்தியும் இடம்பெற்ற வரிசை மாறியபோது எழுந்த எதிர்ப்பையும், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதையும் நினைவூட்டி, சிறியதாகத் தோன்றும் அலுவலக முடிவு பொதுமக்கள் காதில் எப்படி ஒலிக்கும் என்பதை முன்கூட்டியே உணரும் ஆள் நிர்வாகத்துக்குத் தேவை என்றும் சொல்லலாம். ஆனால் இதைக் குற்றச்சாட்டின் குரலில் சொன்னால் கெட்டுவிடும். குரலைப் பழக்கவும் எதிரில் மூன்று பேர் வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு நாள்களைப் பொறுத்து மாறுகிறது. விண்ணப்பம் அனுப்பிவிட்டு அழைப்புக்குக் காத்திருக்கும் மாதங்கள் தனிப்படிப்புக்கு உரியவை. கடிதம் வந்த பிறகு நூல் தேடத் தொடங்குவது காலம் கடந்த செயல். கடிதம் வந்துவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு நேரம் வாய்விட்டுப் பேசுவதற்குப் போக வேண்டும், அதற்குக் கூட்டுப்படிப்பு. உயர் நிர்வாகப் பதவியானால் அனுபவசாலியின் மேசைக்கு வாரம் ஒருமுறை. கூட்டாளி எவரும் கிடைக்காத ஊரில் இருப்பவர், தெற்கே சவான் முதல் வடக்கே கிராண்ட் பே வரை எங்கிருந்தாலும், தொலைபேசியில் படம் பார்த்துப் பேசும் வசதியில் மூவரைச் சேர்த்துக்கொள்ளலாம். அது மேசைக்கு மேசை உட்காருவதற்கு ஈடாகாது, ஆனால் 30 பேர் வகுப்பைவிட மேல். கட்டண வகுப்பு, எழுத்துத் தேர்வுக்கும், ஆங்கிலத்தில் வாய் திறக்கவே அஞ்சுகிறவருக்கும். அப்படி அஞ்சுகிறவரும் நேர்முக வகுப்பைவிட ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்ந்தால் அதிகப் பயன் பெறுவார். வேலையில் ஏற்கெனவே இருந்துகொண்டு பதவி உயர்வுக்கு நேர்முகம் காண்பவரைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவருடைய கணக்கு வேறு.

தங்கை மகள் கடைசியில் மூன்று ஞாயிறும், இடையில் நான்கு மாலைகளும் கூடத்துக்குப் போனாள். அதிகாரியை இரண்டு முறை பார்த்தாள். என் தங்கை, கட்டண வகுப்புக்கு ஒதுக்கிய பணத்தில் அவளுக்கு ஒரு நல்ல காலணி வாங்கிக் கொடுத்தாள். நீளமான நடைக்கூடத்தில் காத்திருந்துவிட்டு உள்ளே போகிறவளுக்குக் காலைக் கடிக்காத காலணி எந்தக் குறிப்புக் கட்டையும்விட உதவும் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. நேர்முகத்துக்கு முந்தைய இரவு செய்த வேலை ஒன்றே ஒன்று: விண்ணப்பத்தின் நகலை எடுத்து, அதில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் மூலச் சான்றிதழ் இருக்கிறதா என்று அதே வரிசையில் அடுக்கினோம். பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. பிறப்புச் சான்றிதழையும் அதன் பின்னால் வைத்தோம். வெளிநாட்டுப் பட்டமாக இருந்திருந்தால் இணைத்தகுதிச் சான்றையும் வைத்திருக்க வேண்டும்.

காலையில் ரோஸ் ஹில்லிலிருந்து மெட்ரோ. கியூர்பிப் கடைசி நிலையம். அங்கிருந்து ஃபாரஸ்ட் சைட் பக்கம்தான். ரோஸ் ஹில்லில் வெயில் அடிக்கிறதே என்று குடையை வைத்துவிட்டுப் போகப் பார்த்தாள். கியூர்பிப்பில் மழை நம்மிடம் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, குடையைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.